ட்ரிப் விழாத நாட்கள்

ஏப்ரல் 16, புதன்

ஜெனரேட்டர் ஓடியது ஆறு மணி நாற்பது நிமிடம். டீசல் பதினைந்து லிட்டர். ட்ரிப் 8.

சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இந்த மூன்றையும் கேட்டுவிடுகிறேன். குளித்துவிட்டு வந்தால் மறந்துபோகும் என்பார், பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்வார். மணியும் டீசலும் எழுதினால் மிஷின் உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரியும். ட்ரிப்பை எழுதச் சொன்னது லாயிட் அங்கிள். அவர் காக்ஸ் டவுன்காரர், ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயரானவர். வண்டியின் பின்னால் ஜெனரேட்டரை ஏற்றி வயரிங் செய்து கொடுத்தவர் அவர்தான். கரன்ட் எங்காவது கசிந்தால் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச் தானாக விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். அதைத்தான் ட்ரிப் என்கிறார்கள். "தினம் எத்தனை தடவை விழுதுன்னு எழுதி வைம்மா. ஏறிக்கிட்டே போச்சுன்னா என்னைக் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது இவர் கான்ட்ராக்ட் எடுத்திருப்பது மல்லேஸ்வரம் பக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்பு வளாகம். அறுபத்திரண்டு மரம். தூங்குமூஞ்சி மரம்தான் பாதிக்கு மேல். மழைக்கு முன்னால், மே 31-க்குள், காய்ந்த கிளை எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வயசானவர்கள் இருக்கும் இடம், பெட்ரோல் ரம்பத்தின் சத்தமும் புகையும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் கரன்ட் ரம்பம். வண்டியைக் கீழே நிறுத்தி, ஜெனரேட்டரிலிருந்து மரத்துக்குக் கேபிள் போகும். மேலே ரம்பம், கீழே கிளையை அரைத்துத் தூளாக்கும் சிப்பர்.

மேலே ஏறுகிறவன் என் தம்பி பெருமாள்சாமி. செக்யூரிட்டி வேலையில் இருந்தவனை இதில் சேர்த்துவிட்டது நான். அவன் மனைவி சோனியாவுக்கு விருப்பமே இல்லை. "அண்ணி, நீங்க சொல்றீங்கன்னுதான் அனுப்பறேன்" என்றாள். அதை எழுதி வைக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

மணி 5.50. டீசல் 13. ட்ரிப் 7.

எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. வளாகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பூஜைக்கு நான்தான் போக வேண்டும். ஜீவனஹள்ளியிலிருந்து சிவாஜிநகர், அங்கிருந்து வேறு பஸ். பதினொன்றரைக்கே போய்ச் சேர்ந்தாலும் ராகுகாலம் முடியப் பன்னிரண்டு ஆக வேண்டும். வாட்ச்மேன் கொடுத்த ஸ்டூலில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி நெற்றியிலும் ஜெனரேட்டர் கதவிலும் மஞ்சள் குங்குமம் வைத்தேன், கற்பூரம் காட்டினேன். அந்த நேரம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிளை விழுந்தால்கூட இவர் நிறுத்த மாட்டார், எனக்காகவா நிறுத்தப் போகிறார்.

மரத்து மேலிருந்து பெருமாள்சாமி குரல் கொடுத்தான். "அக்கா, சாமிக்கு ஆயில் மாத்தி ரெண்டு மாசமாச்சு. அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

இவர் சிரித்துவிட்டார். இவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

மணி 4.10. ட்ரிப் 12.

நேற்று இரவு தூறல். புல் ஈரம். கேபிளில் மூன்று இடத்தில் ஜாயின்ட் இருக்கிறது, கிளை விழுந்து வெட்டுப்பட்டு டேப் சுற்றியது. அது ஈரத்தில் கிடந்தால் உடனே ட்ரிப் விழுகிறதாம்.

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். பெருமாள்சாமி பெரிய கிளையைப் பாதி அறுத்திருக்கும்போது ரம்பம் நின்றுவிட்டது. ரம்பம் வெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. கிளை முறுகிக்கொண்டு தொங்கியது. சுவிட்சைத் தூக்கிவிட்டு, திரும்ப விழுந்து, திரும்பத் தூக்கி — இருபது நிமிடம் அவன் அதன் அடியில் பெல்ட்டில் தொங்கியிருக்கிறான்.

"காப்பாத்தற சுவிட்சுன்னு சொல்றியே. இன்னிக்கு அதுதான் அவனைக் கொன்னிருக்கும்."

லாயிட் அங்கிளுக்குப் போன் செய்தேன். கேபிளை முழுசாக மாற்றச் சொல்கிறார், தடித்த ரப்பர் கேபிள், ஜாயின்ட்டே இல்லாமல். இவர் இந்த வேலை முடியட்டும் என்கிறார். அசோசியேஷன் செக்ரட்டரி சேஷகிரி காலையும் மாலையும் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். அந்த மரியாதைதான் இவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

ட்ரிப் 11.

மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். அந்தப் பாழாய்ப்போன சுவிட்ச் விழுவது நிற்க வேண்டும், தம்பி மேலே தொங்கக் கூடாது. நின்றால் சர்க்கரைப் பொங்கல்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மணி 7.30. டீசல் 18. ட்ரிப் 0.

சரியாகக் கேட்டேனா என்று இரண்டாம் தரம் கேட்டேன். பூஜ்யம்தான் என்றார்.

ஏப்ரல் 30, புதன்

மதியம் நல்ல மழை பிடித்தது. காயப்போட்ட துணி முழுக்க நனைந்தது. அப்படியும் ட்ரிப் 0.

தாயே.

மே 2, வெள்ளி

வேண்டுதலை முடித்தேன். ஐந்து மணிக்கு எழுந்து பொங்கல் வைத்துக் கோயிலில் கொடுத்துவிட்டு, ஒரு தூக்கு வளாகத்துக்கும் எடுத்துப் போனேன். பன்னிரண்டுக்கு மேல் வண்டிக்குப் பூஜை. கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் சுற்றினேன்.

வாட்ச்மேன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு இலையை மடித்துவிட்டார். பெருமாள்சாமி தொடவே இல்லை. பல்வலி என்றான். சர்க்கரைப் பொங்கலென்றால் வழித்துச் சாப்பிடுகிறவன்.

மூன்று நாளில் எட்டு மரம் முடிந்துவிட்டது.

மே 5, திங்கள்

மணி 7.45. டீசல் 19. ட்ரிப் 0.

மே 9, வெள்ளி

என்னவோ சரியில்லை.

விடியற்காலை மழை. வளாகத்தில் வண்டி நின்ற இடம் சொதசொதவென்று இருந்தது. வழக்கம்போலப் பன்னிரண்டுக்குச் செருப்பைக் கழற்றினேன். ஜெனரேட்டர் கதவில் குங்குமம் வைத்தபோது விரல் நுனியிலிருந்து முழங்கை வரை எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு குறுகுறுப்பு. கையை எடுத்தேன், நின்றது. வைத்தேன், மறுபடியும் வந்தது.

ஒரு நிமிடம் — எழுதவே வெட்கமாக இருக்கிறது — அம்மன்தான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

பிறகு பழைய கிரைண்டர் ஞாபகம் வந்தது. ஈரக் காலோடு தொட்டால் அதுவும் இப்படித்தான் செய்யும். செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் தொட்டேன். ஒன்றுமில்லை. கழற்றிவிட்டுத் தொட்டேன். எறும்பு.

அங்கே எல்லோரும் கனமான ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். வெறுங்காலோடு அந்த வண்டியைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள்.

இவரிடம் சொன்னேன். "மழைக்காத்துல அப்படித்தான் இருக்கும், போ" என்றார். தம்பியிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். சாவி மாமாகிட்ட என்றான். சாவி அவன் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மே 10, சனி

கரன்ட் கசிந்தால் ட்ரிப் விழ வேண்டும். என் கையில் கசிந்தது. விழவில்லை.

அப்படியென்றால் பன்னிரண்டு நாளாக நான் எழுதிய பூஜ்யம் என்ன பூஜ்யம்?

லாயிட் அங்கிளிடம் சொன்னேன். "நாளைக்கு சண்டே. அவனுங்க வர மாட்டாங்க. நாம போறோம்மா" என்றார்.

மே 11, ஞாயிறு

தம்பி திருப்பிக் கொடுத்திருந்த சாவியை இவர் சட்டையிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் முதல் தரம்.

அங்கிள் சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடே வந்தார். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். சுவிட்சுக்கு மேலிருந்து கீழுக்கு நேராக ஒரு சிவப்பு வயர். ட்ரிப் வேலையே செய்யாதபடி கரன்ட்டைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். சுவிட்ச் அங்கேயேதான் இருக்கிறது. பொம்மை மாதிரி.

மண்ணில் அடிக்க வேண்டிய எர்த் கம்பி ஒன்று கொடுத்திருந்தார். வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் அதை அடித்து வண்டியோடு இணைக்க வேண்டும். அது டூல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்த பூஜைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று. ஒரு நாள்கூட மண்ணைப் பார்த்ததில்லை.

எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். "பாரும்மா. கேபிள் தோல் எங்கியோ கிழிஞ்சு கரன்ட் ஈரத்துல இறங்குது. இறங்கினது வண்டிக்குத் திரும்பி வந்தே ஆவணும். அதுக்கு வழி தேடும். கம்பி இல்ல, வண்டி டயர்ல நிக்குது. அப்போ வழி யாரு? மண்ணுல நின்னு வண்டியைத் தொடற ஆளு. முந்தாநாள் உனக்கு எறும்பு. ஜாயின்ட் தண்ணியிலயே கிடந்தா எறும்பா இருக்காது மேன்."

ஒரு பெண்ணை மேன் என்று கூப்பிடுவது அங்கிள் ஒருவர்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை.

ராத்திரி அதைச் சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் வைத்தேன். இவர் மறுக்கவில்லை. கிளை தொங்கிய கதையையே திரும்பச் சொன்னார். மழை வந்துவிட்டால் வேலையே போய்விடும் என்றார். என் பொங்கலைச் சாப்பிட்டீர்களே என்று கேட்டேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"உங்க தம்பியா இருந்தா மாட்டியிருப்பீங்களா இந்த வயரை?"

அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. எழுந்துபோய் விளக்கு முன்னால் நின்று கற்பூரத்தை ஏற்றி அணைத்து, இனிமேல் போட மாட்டேன் என்றார்.

போதும். நான் நம்புகிறேன்.

மே 12, திங்கள்

மணி 4.30. ட்ரிப் 9. கம்பி அடித்தார்களாம்.

ஒன்பது என்று எழுதும்போது ஏதோ நல்ல செய்தி எழுதுவதுபோல இருந்தது.

மே 13, செவ்வாய்

ட்ரிப் 11. ஒரு மரம்தான் முடிந்தது.

மே 16, வெள்ளி

ட்ரிப் 7. நான் இருக்கும்போதே இரண்டு தரம் விழுந்தது, டப்பென்று, காதால் கேட்டேன். கம்பி மண்ணில் நிற்கிறது, சுற்றிலும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வெறுங்காலோடு கதவைத் தொட்டேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே நின்றேன்.

பாக்கி இருபத்து நான்கு மரம். சேஷகிரி நேரிலேயே வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே பார்த்தார். என்னைப் பார்த்து, "ஊட்ட ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தார். பிறகு இவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். முப்பத்தொன்றுக்குப் பிறகு வேறு ஆள் வருவார்கள், முடித்த மரத்துக்கும் அவர்கள் சொல்வதுதான் கணக்கு என்று சொல்லியிருக்கிறார். பஸ் வரை தம்பிதான் கொண்டுவந்து விட்டான். அவன்தான் சொன்னான்.

கேபிள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். எஸ்.பி. ரோட்டுக் கடையில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். திங்கள்கிழமை என்றான்.

மே 19, திங்கள்

ராத்திரி முழுக்க இடி. காலையில் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். அப்படியும் வேலைக்குப் போனார்கள். மணி 6.50. ட்ரிப் 3.

கேபிள் வரவில்லை. டேப்பை எல்லாம் பிரித்துப் புதிதாகச் சுற்றினார்களாம்.

மே 21, புதன்

பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நான் ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. கன்னடம் பஸ் போர்டு பார்த்துக் கற்றது, இங்கிலீஷ் மாத்திரை அட்டையில் கற்றது. ஆனால் பால்காரரும் ரேஷன் கடைக்காரரும் என்னிடம் தப்புக் கணக்குச் சொல்லி ஜெயித்ததில்லை. நிஜமான எண்ணுக்கு மேடு பள்ளம் இருக்கும். ஏப்ரலில் காய்ந்த நாளில் ஏழு, ஈரமான நாளில் பன்னிரண்டு. போன வாரமும் அப்படித்தான்.

இந்த வாரம்: திங்கள், ஊரே முழுகிய மழை, 3. செவ்வாய் வெயில், 4. இன்று மதியத்துக்கு மேல் மழை, 3.

மணியோ ஏழைத் தொடுகிறது. டீசல் பதினெட்டு. மூன்று தரம் நின்ற மிஷின் குடிக்கும் டீசலா இது? பூஜ்யம் எழுதிய நாட்களில் குடித்த அதே அளவு.

பூஜ்யம் சொன்னால் நான் முழித்துக்கொள்வேன் என்று தெரிந்துகொண்டார்கள். அதனால் மூன்று சொல்கிறார்களா?

இல்லை. கற்பூரத்தை அணைத்தார். என் கண் முன்னால்.

மே 22, வியாழன்

ட்ரிப் 3 என்றார். நான் நம்பவில்லை. சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

தம்பிக்குப் போன் செய்து நேராகவே கேட்டேன். சிரித்தான். "கணக்கு டீச்சர் ஆரம்பிச்சுட்டா. டேப் நல்லா சுத்தியிருக்கோம்க்கா, வேற ஒண்ணுமில்ல." பின்னால் சோனியா எதற்கோ சத்தம் போட்டாள், அவன் அதற்கும் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் அதிகம்.

நாளைக்கு நானே போய் வெறுங்காலோடு தொட்டால் தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். ஞாயிறு தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வரை விளக்கைத் தொடக் கூடாது, குங்குமம் தொடக் கூடாது. அந்த வண்டியையும்தான், வாராவாரம் கற்பூரம் காட்டிய வண்டி. லாயிட் அங்கிள் பேத்தி கல்யாணத்துக்கு கே.ஜி.எஃப். போயிருக்கிறார்.

தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். காலையில் நம் வீட்டு வாசலுக்கு வந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போ, பக்கத்து வீட்டு பார்கவி கையால் மடித்து ஜன்னலில் வைக்கச் சொல்கிறேன். ராகுகாலம் கழித்து வை. பூட்ஸ் போட்டுக்கொண்டு வைக்காதே, கழற்றிவிட்டு வை. கையில் குறுகுறுவென்று ஏதாவது இருந்தால் எனக்கு உடனே சொல்.

எல்லாவற்றையும் ஒரு தரம் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

"சரிக்கா. வச்சுட்டுச் சொல்றேன்."

அவன் பொய் சொன்னாலும், குங்குமம் வைத்துவிட்டுப் பொய் சொல்ல மாட்டான்.

மே 23, வெள்ளி

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழு மணியிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

மணி பதினொன்று ஐம்பது. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டேகால். இன்னும் கூப்பிடவில்லை. மரத்திலிருந்து இறங்கியிருக்க மாட்டான்.

மே 26, திங்கள்

பெருமாள்சாமி போய்விட்டான்.

ஜூன் 2, திங்கள்

பத்து நாளாயிற்று. இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கேபிள் ஜாயின்ட் தேங்கிய தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. அன்றைக்கு வண்டியைச் சிமென்ட் தளத்தில் நிறுத்தியிருந்தார்கள், கம்பி இறங்காது என்று அடிக்கவில்லை. பெட்டிக்குள் வேறு ஒரு வயர். இந்தத் தரம் கறுப்பு. பன்னிரண்டு மணிக்கு மரத்திலிருந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றி, ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். கதவில் பாதிப் பொட்டு இருந்தது என்று வாட்ச்மேன் சொன்னார். மீதியை நான் கேட்கவில்லை.

எறும்பு என்று நினைத்தேன். கையை எடுத்தால் நின்றுவிடும் என்று நினைத்தேன். லாயிட் அங்கிள் சொன்னதை இதே நோட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதியதை நானே படிக்கவில்லையா? என் காலால் போய்ப் பார்க்க வேண்டியதை அவன் காலால் பார்த்தேன். தீட்டு என்று. மூன்று நாள் பொறுத்திருந்தால்? இல்லை, தீட்டோடயே போயிருந்தா என்னடி ஆயிருக்கும் உனக்கு?

இன்று ராத்திரி இவரிடம் கேட்டேன். அவனுக்கு வயர் போட்டது தெரியுமே, பிறகு ஏன் பூட்ஸைக் கழற்றினான்?

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் வேணாம்டான்னு சொன்னேன், காந்தா. பூட்ஸோடயே வச்சிட்டு வந்துடு, ஒண்ணுமில்லன்னு போன்ல சொல்லிடுன்னேன். இதுக்கு மேல அக்காகிட்ட பொய் சொல்ல முடியாது மாமான்னுட்டுப் போனான்."

"அப்ப ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கலாமே."

எழுந்து வாசலுக்குப் போனார். இப்போது வரை உள்ளே வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

போலீசில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. பூட்ஸ் கொடுத்திருந்தோம், தொழிலாளி சொல்பேச்சு கேட்காமல் வெறுங்காலோடு வேலை செய்தான், அவன் அஜாக்கிரதை. இவர் கையெழுத்து. சாட்சி சேஷகிரி. வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கறுப்பு வயரே இல்லை இப்போது.

என் காலைப் பிடிக்காத குறையாக இவர் சொன்னார், போனவன் வரப் போவதில்லை, நானும் உள்ளே போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று. அழுதார். நடிப்பில்லை. அவனைத் தம்பி தம்பி என்று தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்தான்.

சோனியாவிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். அவள் கார்மென்ட்ஸில் வேலை பார்ப்பவள், இங்கிலீஷ் படிப்பாள். என்னைக் கூப்பிட்டாள். அழுகையே இல்லை குரலில்.

"அண்ணி, அவரு அப்படியா? செருப்பில்லாம மரம் ஏறுவாரா? பெல்ட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கற ஆளு."

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

சொல்லிவிட்டேன். முதலில் அவளிடம். கோயிலுக்குக்கூடப் போகாமல் நேரே அவள் வீட்டுக்குப் போய், வாசல்படி தாண்டாமல் நின்றே சொன்னேன். அவன் ஏன் கழற்றினான், யார் கழற்றச் சொன்னது, எதற்கு.

அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள், அன்றைக்கு நீங்கள் போன் பண்ணும்போது மணி என்ன என்று. ராத்திரி ஏழரை இருக்கும் என்றேன்.

"அப்ப தோசை வார்த்துக்கிட்டிருந்தேன். கரியுதுன்னு கத்தினேன். யாரு போன்லன்னு கேட்டதுக்கு, அக்கா, சும்மான்னாரு."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டேஷனில் காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை. லாயிட் அங்கிள் கூட வந்தார். சிவப்பு வயரையும் இந்த நோட்டிலிருந்து தேதி வாரியாகப் பார்த்து எழுதிய தாளையும் கொடுத்தேன். கன்னடத்திலேயே சொன்னேன். எழுதிக்கொண்ட ஆள் இளம் வயது. நடுவில் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, இது உங்க வீட்டுக்காரர் மேல போகும், தெரியுமில்ல?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

குங்குமத்தைப் பற்றியும் சொன்னேன். அதெல்லாம் தேவையில்லை என்றார். எழுதுங்கள், அது இல்லாமல் அவன் வெறுங்காலோடு நின்றதற்குக் காரணம் இருக்காது என்றேன். எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலில் நின்றிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. சோறு மட்டும் வடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போனார்கள். சட்டை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். பொத்தான் ஒன்று இல்லாத சட்டை, நான்தான் தைக்காமல் விட்டது.

ஜூலை 11, வெள்ளி

சோனியா இந்த வாரத்திலிருந்து ஃபேக்டரிக்குப் போகிறாள். ஏழே முக்காலுக்கு கம்பெனி வண்டி. எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். டப்பாவை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் இவள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. வீட்டுச் சாவியை இவருடைய அண்ணன் வாங்கிக்கொண்டார். போக இடம் தேடிக்கொண்டிருந்தபோது இவள்தான் ஆட்டோவோடு வந்து நின்றாள். "ஏறுங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராத்திரி லைட்டை அணைத்த பிறகு இரண்டு பேரும் விழித்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நேற்று பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்திருந்தாள். அவன் சட்டைகள் இருந்த தட்டு. என் மூட்டையைப் பார்த்து, உங்க சாமி படமெல்லாம் இதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

புடவைகளை எடுத்து அடுக்கினேன். படங்களை இன்னும் மூட்டையிலிருந்து எடுக்கவில்லை.